சிங்கப்பூர்ப் பள்ளி வேலை: 7,200 வெள்ளியில் குடும்பத்தோடு வரலாமா?

கோவை_கணக்கு

வணக்கம். வயது 29. எம்.எஸ்சி. கணிதம், பி.எட். சிபிஎஸ்இ பள்ளியில் 6 ஆண்டு அனுபவம். சிங்கப்பூரில் இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பள்ளியிலிருந்து கணித ஆசிரியர் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. பேச்சில் சொன்னது மாதம் 7,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கடிதத்தில் அது அடிப்படைச் சம்பளம் 6,600, 'வாடகை ரசீது காட்டினால் 600 வரை வீட்டுப்படி' என்று இருக்கிறது. ஒப்பந்தம் 2 ஆண்டு.

கணவரையும் 4 வயது மகளையும் கூட்டிவர வேண்டும். கணவர் கணக்காளர், அங்கே வந்து வேலை தேடிக்கொள்ளலாம் என்று எண்ணம். ரூபாயில் பெருக்கினால் இங்கே வாங்குவதைப் போலப் பல மடங்கு. ஆனால் வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மாதம் என்ன மிஞ்சும்? கையெழுத்துப் போடுமுன் எதை மாற்றித் தரச் சொல்ல வேண்டும்? மாலையில் டியூஷன் எடுத்தால் ஈடுகட்டலாமா?

ஈசூன்வாசி

டீச்சர், தொகையை விடுங்கள், முதலில் அந்த 'ரசீது காட்டினால்' என்பதைப் பாருங்கள். உங்கள் பயணமே அதில்தான் தொங்குகிறது.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (உங்களைப் போன்ற வெளிநாட்டு நிபுணருக்கான வேலை அனுமதி) மனிதவள அமைச்சு எடுத்துக்கொள்வது 'நிலையான மாதச் சம்பளம்' மட்டும். அதாவது அடிப்படைச் சம்பளமும், மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும். ரசீதுக்குத் திருப்பித் தரும் பணமும் போனஸும் அதில் சேராது. 2025 சனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி என்று எங்கும் படித்திருப்பீர்கள். அது 23 வயதுக்காரருக்கு. வயது கூடக் கூட ஏறி, 45-இல் 10,700 ஆகிறது. அந்த அட்டவணைப்படி 29-க்கு ஏறக்குறைய 7,000. இப்போதைய கடிதப்படி உங்கள் கணக்கு 6,600, ஆகவே தேறாது. அதே 600-ஐ 'நிலையான மாத வீட்டுப்படி' என்று எழுதி, ரசீது கேட்காமல் சம்பளத்தோடு போட்டால் 7,200 ஆகிறது, தேறும். பள்ளிக்கு இதனால் கூடுதல் செலவு பெரிதாக இல்லை, கேட்கத் தயங்காதீர்கள்.

இரண்டாவது தடை காம்பஸ் எனும் புள்ளி முறை, 40 புள்ளி வேண்டும். பட்டத்துக்குப் பொதுவாக 10. சம்பளத்துக்கு 0, 10 அல்லது 20, அது அந்தத் துறையில் உங்கள் வயதுக்காரர் வாங்குவதோடு ஒப்பிட்டு. மற்ற இரண்டும் பள்ளியைப் பொறுத்தவை: உள்ளூர்க்காரரை எவ்வளவு வேலைக்கு வைத்திருக்கிறது, ஊழியர்கள் எந்தெந்த நாட்டவர். உயர்நிலை ஊழியர்களில் கால்வாசியோ அதற்கு மேலோ இந்தியக் குடிமக்களாக இருந்தால், இந்தியரான உங்களுக்கு அந்தக் கடைசிக் கூறில் 0. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் இது நடக்கக்கூடியதுதான். ஆகவே 'காம்பஸில் எத்தனை புள்ளி வருகிறது?' என்று நேரடியாகக் கேளுங்கள். பள்ளி நிர்வாகம் அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்துச் சொல்ல முடியும். பட்டத்துக்கான புள்ளியைப் பெற, சான்றிதழ் உண்மையானது என்று சரிபார்ப்பு நிறுவனம் ஒன்றின் அறிக்கையும் வேண்டும். பல்கலைக்கழகம் பதில் தரும் வேகத்தைப் பொறுத்து இது வாரக்கணக்கில் இழுக்கும். இன்றே தொடங்குங்கள். கோவைப் பள்ளியில் விலகல் கடிதத்தை மட்டும் பாஸுக்குக் கொள்கை அளவிலான ஒப்புதல் வரும்வரை கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: முதல் பாஸ் அதிகபட்சம் 2 ஆண்டு. புதுப்பிக்கும்போது உங்களுக்கு 31 வயது. இதே அட்டவணைப்படி பார்த்தாலும் அப்போது ஏறக்குறைய 7,450 வேண்டும். குறைந்தபட்சத் தொகையை அவ்வப்போது உயர்த்தவும் செய்கிறார்கள், 2022 செப்டம்பரில் அது 5,000-ஆகத்தான் இருந்தது. ஆண்டு உயர்வு எவ்வளவு என்று கடிதத்தில் இல்லாவிட்டால், இந்த வேலை 2 ஆண்டோடு முடியக்கூடும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

டியூஷன் கூடவே கூடாது. உங்கள் பாஸ் அந்தப் பள்ளிக்கு மட்டும். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் காசு வாங்கிச் சொல்லிக் கொடுத்தாலும் அனுமதியில்லாத வேலைதான். அபராதம் 20,000 வெள்ளி வரை, சிறை 2 ஆண்டு வரை, அல்லது இரண்டும். 'எல்லாரும் எடுக்கிறார்களே' என்று யாராவது சொன்னால், அவர்கள் நிரந்தரவாசியா குடிமக்களா என்று கேளுங்கள்.

வேலைக்கு எடுப்பதற்காகப் பள்ளியோ அதன் ஆளோ உங்களிடம் பணம் கேட்டால் அதுவும் குற்றம். இங்குள்ள உரிமம் பெற்ற முகவர் வாங்கலாம், ஆனால் ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தம் 2 மாதத்துக்கு மேல் போகக் கூடாது.

செங்காங்_அக்கா

மேலே தம்பி சொன்னபடி 7,200 சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு செலவைப் பார்ப்போம். விலை பேட்டைக்குப் பேட்டை மாறும், இவற்றைத் திட்டமிடும் அளவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாக வந்தால்: வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஓர் அறை 1,000, சாப்பாடு 450, எம்ஆர்டி ரயில், பேருந்து 100, தொலைபேசி 20, வரிக்கு ஒதுக்க 330. மொத்தம் 1,900. கையில் நிற்பது 5,300.

மூவராக வந்தால்: ஊட்லண்ட்ஸ், ஜூரோங் வெஸ்ட் பக்கம் மூவறை வீடு (இரண்டு படுக்கையறை, ஒரு கூடம்) 2,700. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 150, இரவில் குளிர்சாதனம் ஓடினால் இன்னும் ஏறும். இணையமும் தொலைபேசியும் 70. மளிகை, வெளிச்சாப்பாடு 750. போக்குவரத்து 200. மகளின் பாலர் பள்ளி 1,150. குடும்ப மருத்துவக் காப்புறுதி 200. வரி 280. கூட்டினால் 5,500. மிச்சம் 1,700. ஊருக்கு விமானச் சீட்டு, பண்டிகைச் செலவு எல்லாம் அதற்குள்தான். ரூபாயில் பெருக்க வேண்டியது இந்த 1,700-ஐத்தான், 7,200-ஐ அல்ல.

பாலர் பள்ளித் தொகையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அரசாங்க மானியம் குடிமக்களின் பிள்ளைகளுக்கு. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளும் குடிமக்கள், நிரந்தரவாசிகள் பிள்ளைகளுக்குத்தான். அதனால்தான் சொல்கிறேன்: வீட்டுப்படியில் 100 வெள்ளி கூட்டிக் கேட்பதைவிட, ஆசிரியர் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை கேளுங்கள். உங்கள் பள்ளியிலேயே மழலையர் வகுப்பு இருந்து பாதிக் கட்டணம் தள்ளினாலே மாதம் பல நூறு வெள்ளி. தொடக்கப்பள்ளி வயது வரும்போது இந்தச் சலுகையின் அருமை இன்னும் தெரியும். அரசாங்கப் பள்ளியில் தொடக்கநிலை 1-க்கு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டத்தில்தான் இடம், அதற்கும் உறுதியில்லை.

வரியை மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள், இந்தியப் பழக்கத்தில் வருகிறவர்கள் இங்குதான் தடுக்கி விழுகிறார்கள். முதல் ஆண்டு முழுச் சம்பளமும் கைக்கு வரும், அடுத்த ஆண்டு மொத்தமாக அறிக்கை வரும். ஆண்டு வருமானம் 86,400. உழைப்பு வருமானக் கழிவு 1,000, வருமானம் இல்லாத துணைவருக்கு 2,000, பிள்ளைக்கு 4,000 போனால் வரிக்குரியது 79,400. முதல் 20,000-க்கு வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000-க்கு 3.5, மீதிக்கு 7 விழுக்காடு. மொத்தம் ஏறக்குறைய 3,300 வெள்ளி. ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை) 12 தவணையாகக் கட்டலாம், வட்டி இல்லை. இது 183 நாள் தங்கியவருக்கான கணக்கு. ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தாலும், அடுத்த ஆண்டுக்குள் தொடர்ந்து 183 நாள் வேலை செய்தால் இரண்டு ஆண்டுக்கும் இதே விகிதம்தான்.

மத்திய சேம நிதி உங்களுக்குக் கிடையாது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் உள்ளூர் ஆசிரியர் 55 வயதுக்குட்பட்டவரானால், முதலாளி அவருக்குச் சம்பளத்துக்கு மேல் 17 விழுக்காடு போடுகிறார். ஓய்வுக்கால நிதி என்று உங்களுக்கு யாரும் எதுவும் போட மாட்டார்கள், பணிக்கொடையும் சட்டப்படி இல்லை. கோவையில் 5 ஆண்டு ஒரே பள்ளியில் முடித்திருந்தால் அங்குள்ள பணிக்கொடையை எழுதி வாங்கிவிட்டு வாருங்கள்.

மருத்துவக் காப்புறுதியையும் விடாதீர்கள். எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளருக்கான வேலை அனுமதி) வைத்திருப்பவருக்கு முதலாளி ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்காவது எடுத்தாக வேண்டும், எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மருத்துவமனை மானியமும் நமக்கு இல்லை. 'குழுமக் காப்புறுதி உண்டு' என்று மட்டும் எழுதியிருந்தால் அறுவை சிகிச்சைக்கு உச்சவரம்பு என்ன, குடும்பத்துக்கு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

தேக்கா_வாடகை

வாடகையில் ஒரு திருத்தம். 2,700 என்பது மாதத் தொகை, வீட்டுக்குள் நுழையும் நாளில் போக வேண்டியது வேறு. 2 ஆண்டு ஒப்பந்தத்துக்கு வழக்கமாக 2 மாத முன்பணம் 5,400, முதல் மாத வாடகை 2,700, முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 259. முதல் சம்பளம் வருமுன்பே 8,359 வெள்ளி. உங்களுக்கென்று முகவர் வைத்தால் அவர் கட்டணமும் சேரும். இந்தத் தொகையைச் சம்பள முன்பணமாகப் பள்ளி தருமா என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற பிரிவு கட்டாயம் இருக்கட்டும். வேலை போனாலோ பாஸ் புதுப்பிக்கப்படாவிட்டாலோ 12 மாதத்துக்குப் பிறகு 2 மாத முன்னறிவிப்பில் வெளியேற அது வழிவிடும். அது இல்லாவிட்டால் மீதி மாத வாடகை உங்கள் தலையில்.

வீவக வீட்டை முழுதாக எடுக்கும்போது, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்குப் புளோக்குக்கும் (அடுக்குமாடிக் கட்டடம்) வட்டாரத்துக்கும் ஒதுக்கீட்டு வரம்பு உண்டு. வரம்பு நிரம்பியிருந்தால் உரிமையாளர் சம்மதித்தாலும் அனுமதி கிடைக்காது. அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவும் கூடாது, நேராக உரிமையாளர் கணக்குக்குப் போடுங்கள்.

அறை எடுத்தால் விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று இருக்கும். பெரும்பாலும் அதற்கு அர்த்தம் மேகியும் முட்டையும்தான். எண்ணெய் காய வைத்துக் கடுகு தாளித்தால் மறுநாளே பேச்சு வரும். சாம்பார் வைக்கலாமா, குளிர்சாதனம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, துணி துவைப்பது வாரம் எத்தனை முறை என்று மூன்றையும் முன்பே குறுஞ்செய்தியில் எழுதி வாங்குங்கள்.

என் கருத்து: முதல் ஆறு மாதம் அறையில் தனியாக இருங்கள். மேலே போட்ட கணக்குப்படி முன்பணம் அதற்குள் கையில் சேர்ந்துவிடும், புளோக்குகளையும் நேரில் பார்த்துவிடலாம்.

செங்காங்_அக்கா

பணத்துக்கு அது சரி தம்பி. 4 வயதுக் குழந்தை ஆறு மாதம் அம்மாவை விட்டு இருக்க வேண்டும், அதையும் யோசித்துச் சொல்ல வேண்டும். வேலையில் தகுதிகாண் காலம் 3 மாதம் என்றால் அது முடிந்ததும் அழைத்துக்கொள்ளட்டும். மூன்று மாத மிச்சமே முன்பணத்துக்குப் போதும்.

கோவை_கணக்கு

எல்லாருக்கும் நன்றி. படியை மாற்றி எழுதப் பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். 3 மாதம் கழித்துக் குடும்பத்தை அழைத்தால் தனியாக விண்ணப்பிக்க முடியுமா? கணவர் உடனே வேலைக்குப் போகலாமா?

ஈசூன்வாசி

பின்னால் விண்ணப்பிக்கலாம். டிபென்டன்ட்ஸ் பாஸுக்கு (துணைவர், பிள்ளைகள் உடன் தங்குவதற்கான அனுமதி) உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும், உங்களுக்கு இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியது பள்ளிதான், நீங்களாகப் போட முடியாது. ஆகவே அதையும் செய்து தருவதாகக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெற்றோரை நீண்டகால அனுமதியில் அழைக்க 12,000 வேண்டும், இப்போது அந்த எண்ணம் வேண்டாம்.

உங்கள் கணவர் அந்தப் பாஸில் வேலைக்குப் போக முடியாது. 2021 மே முதல் அவருக்கென்று தனி வேலை அனுமதி தேவை, எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் அதற்கும் குறைந்தபட்சச் சம்பளம், புள்ளிகள் எல்லாம் உண்டு. கோவை வேலையை விடாமல் அங்கிருந்தே விண்ணப்பிக்கட்டும். இங்கே அவருக்கு வேலை உறுதியாகும்வரை அக்கா போட்ட 1,700-தான் உங்கள் கணக்கு.

மகளுக்கு ஒரு வேலை இப்போதே இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டதை இங்குள்ள அரசாங்க அமைப்பிடம் சரிபார்த்த பிறகுதான் பாஸுக்கு விண்ணப்பிக்க முடியும். தடுப்பூசி அட்டையில் மருந்தின் பெயர் இல்லாமல் வெறும் டிக் மட்டும் இருந்தால் சிக்கல். போட்ட தேதி, மருந்தின் பெயர், மருத்துவமனை முத்திரை மூன்றும் தெளிவாக இருக்கும்படி ஆங்கிலத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.