ஃபைட்டர் நடுவழியில் மந்திரம் கற்க விரும்பினால்: கிளாஸ் எல்லையை எவ்வளவு தளர்த்தலாம்?

நிலவறைக்காவலர் (கேள்வி)

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி, நான்கு பேர் கொண்ட குழுவுக்கு டிஎம்மாக (ஆட்ட நடுவராக) நடத்தி வருகிறேன். எல்லாப் பாத்திரங்களும் நான்காம் லெவலில் (வளர்ச்சிப் படியில்) இருக்கின்றன, ஐந்தாவது நெருங்கிவிட்டது. குழுவினர் ஒரு பாழடைந்த மந்திரக் கோபுரத்தைக் கைப்பற்றியிருக்கிறார்கள். ஃபைட்டர் என்ற போர்வீரர் கிளாஸில் (பாத்திரத்தின் தொழில்வகையில்) ஆடும் நண்பர், தம் பாத்திரம் அங்குள்ள சுவடிகளைப் படித்து மந்திரம் கற்கவேண்டும் என்றும், அடுத்த லெவலை விசார்ட் (மந்திரவாதி) கிளாஸில் எடுக்கவேண்டும் என்றும் கேட்கிறார். அவருடைய பாத்திரத்தின் இன்டெலிஜன்ஸ் (அறிவுத்திறன் மதிப்பு) 14. மல்ட்டிகிளாஸுக்கு (லெவல்களை இரண்டு கிளாஸ்களில் பிரித்து எடுப்பதற்கு) விதி கேட்பது 13தான். ஆனால் ஏற்கெனவே விசார்டாக ஆடுபவர், தமக்கென்று இருந்த இடம் பறிபோகிறதோ என்று வருந்துகிறார். கதையிலிருந்து இயல்பாக எழுந்த விருப்பத்தை மறுக்கவும் மனமில்லை, இன்னொருவரின் தனித்தன்மையைக் கரைக்கவும் மனமில்லை. ஒரு கிளாஸ் எந்த அளவுக்கு நெகிழ்ந்து கொடுக்கவேண்டும் என்று கருதுகிறீர்கள்?

எட்டுமுகப்பகடை

இந்த ஏற்பாட்டால் இழக்கப்போவது உங்கள் விசார்ட் அல்லர், ஃபைட்டரே. ஐந்தாம் லெவலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஃபைட்டராகவே தொடர்ந்தால் அவர் ஒரு சுற்றில் இரண்டு முறை தாக்குவார். அதே நேரத்தில் விசார்டுக்கு ஃபயர்பால் என்ற நெருப்புருண்டை மந்திரம் கைவரும். 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் அனைவர்மீதும் எட்டு ஆறுமுகப் பகடைகளின் சேதம் விழும். ஃபைட்டர் 4, விசார்ட் 1 என்று பிரிந்து நிற்பவருக்கோ ஒரே தாக்குதலும், முதல்நிலை மந்திரத்துக்கான இரண்டு ஸ்லாட்டுகளும் (மந்திரம் போடும் வாய்ப்புகளும்) மட்டுமே இருக்கும். அவர் விசார்டிலேயே தொடர்ந்து ஏறினாலும், ஃபயர்பாலைத் தொடும்போது மொத்த லெவல் ஒன்பதாகியிருக்கும். உங்கள் விசார்ட் அப்போது ஐந்தாம்நிலை மந்திரங்களில் இருப்பார்.

இது இந்தப் பதிப்பில் மட்டும் காணும் குறையன்று. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஒவ்வொரு லெவலையும் விரும்பிய கிளாஸில் எடுக்கலாம் என்று கதவை அகலத் திறந்தது. காகிதத்தில் அது முழுச் சுதந்திரம். ஆனால் வாளையும் மந்திரத்தையும் சரிபாதியாகக் கலந்தவர் இரண்டிலும் பின்தங்கினார். அந்தப் பள்ளத்தை நிரப்பவே 2003இன் திருத்திய பதிப்பில் வாளும் மந்திரமும் கலந்த எல்ட்ரிட்ச் நைட், தகுதி பெற்றபின் எடுக்கும் ஒரு பிரஸ்டீஜ் கிளாஸாகச் சேர்க்கப்பட்டது என்பது என் கருத்து. அதே பெயர் 2014இல் ஃபைட்டரின் சப்கிளாஸாக, அதாவது அந்தக் கிளாஸுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் ஒரு பிரிவாக, மாறியதை நல்ல முடிவாகவே பார்க்கிறேன். ஃபைட்டரின் வளர்ச்சி சிறிதும் குறையாமல், மந்திரம் அதன்மேல் ஏறுகிறது.

ஒற்றைவிளக்கு

கணக்கை அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பொதுக் கேள்விக்கு வருகிறேன். ஒரு கிளாஸுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது, அதை மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோமா என்பதைத்தான் வடிவமைப்பவர் முதலில் கவனிக்கவேண்டும். 1974இல் ஆட்டம் வெளிவந்தபோது ஃபைட்டிங் மேன் (போர்வீரர்), மேஜிக் யூசர் (மந்திரவாதி), கிளெரிக் (பூசாரி) என்று மூன்றே கிளாஸ்கள் இருந்தன. சத்தமின்றி நடக்கவோ சுவரில் ஏறவோ விரும்பியவர் அதைச் சொல்லிப் பார்க்கலாம், நடுவர் தீர்மானிப்பார். 1975இல் கிரேஹாக் துணைநூல் தீஃப் (திருடர்) கிளாஸைக் கொண்டுவந்து, ஒளிந்துகொள்வதற்கும் பூட்டைத் திறப்பதற்கும் தனித்தனிச் சதவீதங்களை எழுதியது. எழுதிய மாத்திரத்தில், அவை தீஃபுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் பல மேசைகளில் வேரூன்றிவிட்டது. ஒரு கிளாஸ் கூடியதால் மற்ற மூன்றும் சுருங்கின!

ஐந்தாம் பதிப்பில் பேக்கிரவுண்டுகள் (பாத்திரத்தின் முன்வாழ்க்கைத் தேர்வுகள்) இதைப் பெருமளவு சரிசெய்கின்றன. கிரிமினல் என்ற பேக்கிரவுண்டை எடுத்த ஃபைட்டருக்கு ஸ்டெல்த் (ஒளிந்து நகரும்) திறனும் பூட்டுத் திறக்கும் கருவிகளில் பயிற்சியும் கிடைக்கின்றன. அவர் ரோக் (தீஃப் கிளாஸின் இன்றைய பெயர்) ஆகவேண்டியதில்லை. ஆனாலும் ரோக் அருகில் இருந்தால் அவர்தான் அதில் வல்லவராக இருப்பார். ஒரு கிளாஸுக்கு ஒன்றில் முதன்மை இருக்கட்டும், ஏகபோகம் வேண்டாம் என்பதே என் நிலை. அதனால் உங்கள் ஃபைட்டர் கொஞ்சம் மந்திரம் கற்பதில் எனக்கு எந்தத் தடையும் தெரியவில்லை.

கல்வெட்டு

கிளாஸ் என்ற ஏற்பாடே இல்லாத ஆட்டங்களும் இருக்கின்றன. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட்டில் திறமைகள் மட்டுமே உண்டு; பயன்படுத்தி வென்ற திறமை, பயன்படுத்தியதாலேயே வளர வாய்ப்புப் பெறுகிறது. உங்கள் நண்பரின் கதை அங்கே எந்தச் சிக்கலையும் எழுப்பியிருக்காது. கிளாஸை விட மனமில்லையென்றால், 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். அதில் மல்ட்டிகிளாஸ் என்பது லெவலைப் பிரிப்பதன்று. ஃபைட்டர் தம் கிளாஸ் ஃபீட் (தேர்ந்தெடுக்கும் சிறப்புத்திறன்) ஒன்றை விட்டுக்கொடுத்து, விசார்ட் டெடிகேஷன் என்ற மந்திர ஃபீட்டை இரண்டாம் லெவலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய வாள் திறன் அப்படியே ஏறிக்கொண்டிருக்கும்.

நிலவறைக்காவலர்

மூவருக்கும் நன்றி. ஆட்டத்தின் நடுவில் விதிநூலை மாற்ற இயலாது என்பதால், எல்ட்ரிட்ச் நைட் வழியே சரியாகப் படுகிறது. ஆனால் அவர் மூன்றாம் லெவலிலேயே மந்திரமில்லாத சாம்பியன் சப்கிளாஸை எடுத்துவிட்டார். இப்போது மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறதா?

எட்டுமுகப்பகடை

தருகிறது. 2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் நூலில் இதற்கு விருப்ப விதி இருக்கிறது: புதிய சப்கிளாஸ் அம்சம் கிடைக்கும் லெவலில், டிஎம் ஒப்புதலோடு சப்கிளாஸையே மாற்றிக்கொள்ளலாம். சாம்பியனுக்கு அடுத்த அம்சம் ஏழாம் லெவலில் வருகிறது. ஆகவே ஐந்தில் இரண்டாவது தாக்குதலை அவர் வாங்கிக்கொள்ளட்டும். ஃபைட்டருக்கு ஆறாம் லெவலில் கூடுதலாக ஓர் ஏபிலிட்டி ஸ்கோர் (அடிப்படைத் திறன் மதிப்பு) உயர்வு உண்டு. நீங்கள் ஃபீட்டுகளை அனுமதிப்பவரானால், அதற்குப் பதிலாக மேஜிக் இனிஷியேட் என்ற ஃபீட்டை எடுத்து, இரண்டு கேன்ட்ரிப்புகளும் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரங்களும்) ஒரு முதல்நிலை மந்திரமும் கற்கட்டும். கோபுரத்துச் சுவடிகளைப் படித்ததன் முதல் பலனாக அது கதையிலும் பொருந்தும். ஏழில் எல்ட்ரிட்ச் நைட்டாக மாறும்போது முதல்நிலைக்கு நான்கும் இரண்டாம்நிலைக்கு இரண்டுமாக ஸ்லாட்டுகள் கிடைக்கும்.

விசார்டாக ஆடுபவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2014 விதியில் எல்ட்ரிட்ச் நைட்டின் மந்திரங்கள் பெரும்பாலும் அப்ஜுரேஷன் (காப்பு), எவொகேஷன் (நெருப்பு, மின்னல் போன்ற ஆற்றல்) ஆகிய இரண்டு பிரிவுகளுக்குள்ளேயே அடங்கும். மாயத்தோற்றம், உருமாற்றம், குறிபார்த்தல் எல்லாம் அநேகமாக விசார்டிடமே இருக்கும். சுவடிகளை ஃபைட்டருக்குப் படித்துக்காட்டுபவராக அவரையே அமர்த்த முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.