கருங்கல் சுவரும் குட்டையும்: கசிவு, பழுது பற்றிய அனுபவங்கள்

கண்மாய்க்கரை:
மலையடிவாரத்தில் பழைய கருங்கல் தடுப்பணை, பின்னால் குட்டை. சுவர் உயரம் 3 மீட்டர், தலைப்பு (உச்சி) அகலம் 60 செ.மீ., அடி அகலம் 2 மீட்டர், சுண்ணாம்புக் காரை. குட்டை நிரம்பினால் சுவரின் காலடியில் ஈரம் கட்டுகிறது. கல் இடுக்குகளில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. முன்பக்கம் முழுக்க சிமெண்ட் பூசிவிடலாம் என்று ஊரில் பேச்சு. இந்த மாதிரிச் சுவர்களைப் பார்த்துப் பழகியவர்கள், எது நின்றது, எது கெடுத்தது என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
பூசுகிற பேச்சை ஒத்திவையுங்கள். கசிகிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பதற வேண்டியதில்லை, எந்தக் கல்சுவரும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அடியில் மண் தங்கினால் அஸ்திவாரத்துக்குக் கீழோ பக்கத்துக் கரையிலோ மண் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அது ஆபத்து.

அடுத்தது அளவு. சின்னக் கசிவுக்கு 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று பார்த்தால் போதும். வாய்க்காலாக ஓடுகிற அளவு என்றால், தகரத் தகட்டில் 90 டிகிரி ‘வி’ வெட்டி ஓடைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். தகட்டுக்குச் சற்றுப் பின்னால், வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் 5 செ.மீ. இருந்தால் நொடிக்கு முக்கால் லிட்டர் போகிறது. 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கு ஆனால் நீர் ஐந்தரை மடங்கு. ‘ரெண்டு விரல்தானே ஏறியிருக்கு’ என்று விட்டுவிடுகிற இடம் இதுதான். அன்றைக்குக் குட்டையில் மட்டம் எவ்வளவு என்றும் கூடவே எழுதி வையுங்கள். மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால் உள்ளே வழி பெரிதாகிறது.

வெள்ளைப் படிவு என்பது காரையிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு. எந்த இடுக்கில் அது தடித்திருக்கிறதோ அந்த வழியாகத்தான் தண்ணீர் நடமாடுகிறது. சுவரின் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள், பழுது பார்க்கும்போது அந்த இடங்கள் முதலில்.

கொத்துக்கரண்டி:
முன்பக்கம் என்று நீங்கள் சொல்வது தண்ணீர் இல்லாத பக்கம்தானே? அங்கே பூச்சு வேண்டவே வேண்டாம். உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற அதுதான் வழி. சிமெண்டால் அடைத்தால் சுவர் ஊறிக்கொண்டே இருக்கும், காரை கரைவது கண்ணுக்குத் தெரியாது. சில வருஷத்தில் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும், பின்னால் காரை தயிர் மாதிரி ஆகியிருக்கும். அடைக்க வேண்டியது தண்ணீர் நிற்கிற பக்கத்தை.

அதற்குக் காலம் பங்குனி, சித்திரை, குட்டை வற்றியிருக்கும்போது. இடுக்கில் உளுத்த காரையை உளியால் சுரண்டுங்கள், பிரேக்கர் மெஷின் வைத்தால் நல்ல கல்லும் ஆடிப்போகும். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையாமல். கழுவி, ஈரம் காயாமல் காரை வைக்க வேண்டும். அகலமான இடுக்கில் முதலில் சில்லுக்கல் அடித்து இறுக்குங்கள். காரையை மட்டும் அப்பினால் சுருங்கி வெடிக்கும்.

கலவை: நீற்றிப் பல வாரம் தண்ணீருக்குள் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி (செங்கல் தூள்) ஒரு பங்கு, மணல் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. வெறும் சுண்ணாம்பு காற்றுப்பட்டால்தான் இறுகும். தண்ணீருக்குள் இறுகச் செய்வது சுர்க்கிதான். செங்கல் தூள் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சூளையில் கருகிய கல்லின் தூள் வெறும் மணல் மாதிரிதான், மிதமாக வெந்த செங்கல்லை இடித்துச் சலித்தது வேண்டும். ஒரே தடவையில் அடைக்காமல் 20 மி.மீ. அடுக்குகளாக வைத்து, மேலடுக்கு சற்று இறுகியதும் கரண்டியால் மறுபடி அழுத்துங்கள். ஈரச்சாக்கு 14 நாள். ஒரு மாதமாவது குட்டை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 ஓரளவு ஒத்துவரும். வெறும் சிமெண்டும் மணலும் பழைய காரையோடு ஒட்டாது.

தென்மலைக்காரன்:
முல்லைப் பெரியாற்றிலும் சுர்க்கிக் காரைதான், அங்கே சிமெண்ட் போட்டுத்தானே பலப்படுத்தினார்கள்?

மடைவாரி:
அது பூச்சு இல்லை. 1979க்குப் பிறகு அங்கே செய்தது மூன்று வேலை: தலைப்பில் இரும்புக் கம்பிக் கான்கிரீட் தொப்பி போட்டு எடை ஏற்றியது, சுவருக்குள் துளையிட்டு எஃகு வடங்களால் அடிப்பாறையோடு இழுத்துக் கட்டியது, தண்ணீர் இல்லாத பக்கத்தில் கான்கிரீட் முட்டுக் கொடுத்தது. அந்த முட்டுக்குள் கசிவை வடித்து அளக்க நடைபாதையே விட்டார்கள். கசிவை அடைக்கவில்லை, அதற்கு வழி அமைத்தார்கள்.

எடை ஏன் என்பதற்கு நம் குட்டைச் சுவரையே கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர் தண்ணீர் சுவரைத் தள்ளும் விசை சுமார் 4.5 டன். சுவரின் எடை, (0.6 + 2.0) ÷ 2 × 3 × 2.3 (கல்கட்டு கன மீட்டருக்கு 2.3 டன்), சுமார் 9 டன். அடியில் உராய்வு 0.65 என்று வைத்தால் பிடிமானம் 5.8 டன். நிற்கிறது. ஆனால் அடியில் தண்ணீர் புகுந்தால் கீழிருந்து மேலே தூக்கும்: குட்டைப் பக்கம் முழு அழுத்தம், வெளிப்பக்கம் பூஜ்யம் என்று வைத்தால் 3 டன். இப்போது சுவரின் எடை 6 டன்தான், பிடிமானம் 3.9. தள்ளுவது 4.5. இத்தனை காலம் நின்ற சுவர் இதை எப்படித் தாங்கியது? முழுத் தூக்குவிசை வராமல் அடியில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்ததால். அந்த வடிகாலைக் கான்கிரீட் தளம் போட்டு மூடினால் கதை மாறும்.

இந்தத் தூக்குவிசையைப் பழைய ஆட்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பிரான்சில் எப்பினால் ஊருக்குப் பக்கத்தில் பூசே அணை, கல்கட்டுதான். 1884இல் ஒரு பகுதி முன்னால் நகர்ந்தது. பலப்படுத்தி மறுபடி நிரப்பினார்கள். 1895 ஏப்ரல் 27 அன்று உடைந்து எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கல்கட்டின் வெடிப்புக்குள் புகுந்த நீரழுத்தத்தைப் பற்றி உலகம் பாடம் படித்தது அதற்குப் பிறகு. அதே வருஷம் அக்டோபரில்தான் பெரியாறு அணை திறக்கப்பட்டது.

உங்கள் சுவருக்கு வெளியே தளம் இருந்தால் அதில் 75 மி.மீ. துளைகள், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, திறந்திருக்க வேண்டும். துளைக்கு அடியில் மண்ணை ஒட்டி மணல், அதற்கு மேல் பொடிச் சல்லி, துளையை ஒட்டிப் பெரிய சல்லி. வரிசை மாறினால் மண் வெளியேறும்.

கண்மாய்க்கரை:
தளம் இருக்கிறது, துளை ஒன்றுமே கண்ணில் படவில்லை. இன்னொன்று, கோடையில் தூர்வார ஜேசிபி வரப்போகிறது. சுவரை ஒட்டியே அள்ளலாமா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
கூடாது. சுவரின் காலடியில் பல வருஷமாகப் படிந்த களிமண் வண்டல்தான் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த அடைப்பு. அதை அள்ளிய வருஷமே கசிவு பல மடங்கானதைப் பல குட்டைகளில் பார்க்கலாம். சுவர் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம், உங்களுக்கு 6 மீட்டர், தொடாமல் விடுங்கள். அதற்கப்பால் சரிவாக இறங்கட்டும், அஸ்திவார மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. தண்ணீரை வடிக்கும்போதும் ஒரே நாளில் இறக்காதீர்கள். சுவர் தாங்கும், சுவரோடு சேரும் மண்கரை ஊறியபடியே சரிந்துவிடும். நாளுக்கு ஒரு சாண் போதும்.

கல்லும் மண்ணும் சேரும் அந்த மூலைகளை, இறக்கைச் சுவரின் (மண்கரையைத் தாங்கும் பக்கச் சுவரின்) பின்புறத்தை, மழை நாளில் குடை பிடித்துக்கொண்டாவது போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வழி பிறக்கிற இடம் அதுதான். எங்கே உறிஞ்சுகிறது என்று தெரியாவிட்டால் அமைதியான காலையில் குட்டை நீரின் மேல் தவிடு தூவுங்கள், தவிடு நகரும் திசை காட்டிக்கொடுக்கும். வெளிப்பக்கம் தரையில் மண் கொப்பளித்தால் அதை அடைக்காதீர்கள், அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். சுற்றிலும் மணல் மூட்டையால் கிணற்று உறை மாதிரி எழுப்பி, வருகிற தண்ணீர் தெளியும் உயரம் வரை நிற்க விடுங்கள்.

கொத்துக்கரண்டி:
சுவரில் முளைக்கும் அரச, ஆல, அத்திச் செடிகள். பென்சில் தடிமனில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கவும். மணிக்கட்டுத் தடிமன் ஆன பிறகு வெட்டினால் மட்டும் போதாது. தழைக்கும், தழைக்காவிட்டாலும் வேர் மக்கிக் குழாய் ஆகும். அந்த வரிசைக் கற்களுக்கு எண் போட்டுக் கழற்றி, வேரை எடுத்து, மறுபடி காரையில் கட்ட வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

மடைவாரி:
கலுங்கில் (மிகுதி நீர் வழியும் வாயில்) மணல் மூட்டை அடுக்கி அரை மீட்டர் கூடுதலாகத் தேக்கும் பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் நிறுத்துங்கள். 3 மீட்டர் 3.5 ஆனால் தள்ளும் விசை 4.5லிருந்து 6 டன். கவிழ்க்கும் திருப்பம் ஒன்றரை மடங்குக்கும் மேல். வெள்ளத்தில் சுவர் முழுக்க வழிந்தால் காலடியை அரித்துவிடும், அதனால் கலுங்கின் வாயை அடைக்கும் செடி, சேலை, பிளாஸ்டிக் எல்லாம் ஐப்பசிக்கு முன்னால் போக வேண்டும். புணேவில் கடக்வாஸ்லா 1879இல் கட்டிய கல் அணை. 1961 ஜூலை 12 அன்று மேலேயிருந்த பான்ஷெத் அணை உடைந்து வந்த வெள்ளம் மேலே வழிந்து அதையும் உடைத்தது. காலடி அரிப்பைக் கோடையில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். தளத்தின் ஓரம் உள்வாங்கினால் கற்களும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பிவிட்டு மேலே துளை விட்டுத் தளம் போடுங்கள்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டரில் சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றுக்கும்தான். உங்கள் குட்டையைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

நீர்ப்பாய்ச்சி:
மதகு ஷட்டரை மாதம் ஒரு முறை கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள், திருகுக்குக் கிரீஸ் போடுங்கள். சிக்கினால் கம்பி மாட்டி இரண்டு பேர் சேர்ந்து திருக வேண்டாம், தண்டு வளைந்துவிடும். கீழே வண்டல்தான் பிடித்திருக்கும். திறந்திருக்கும்போது தூம்பின் (மதகு வழியே நீர் போகும் குழாயின்) உள்வாய்ப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது, காலை இழுத்துப் பிடித்தால் மேலே வர முடியாது.

இன்னொரு விஷயம், கலுங்கு வழிகிறபோது கீழே குளிக்கிற பிள்ளைகள். விழுகிற தண்ணீர் அடியில் சுருண்டு சுவரை நோக்கியே திரும்பும். நீச்சல் தெரிந்தவனையும் விடாது, காப்பாற்றக் குதித்தவனும் சேர்ந்தே போவான். 20 மீட்டர் கயிறு ஒன்று, முனையில் மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் கட்டி, மதகுக்குப் பக்கத்தில் எப்போதும் தொங்கட்டும். சாவி போட்டுப் பூட்டி வைக்காதீர்கள்.