மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தொண்டு வேலை செய்தவர்கள், உதவி பெற்றவர்கள்: உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சந்திப்பு

லயத்துப் பெண்:

ஒரு பத்து கிலோ அரிசி மூட்டையைப் பற்றி எழுத வந்தேன். கோயில் மண்டபம், சனிக்கிழமை வகுப்பு, தீபாவளிக்கு முன் உதவிப்பொருள் வழங்கும் விழா, பதாகை, தாமதமாக வரும் சிறப்பு விருந்தினர். இதெல்லாம் இங்கே எல்லாரும் பார்த்ததுதான். ஆண்டு 2019. படிவம் 1, அதாவது இடைநிலைப்பள்ளி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மலாய் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று மட்டும் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுப்பவரின் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள்.

பதினைந்தாவதோ பதினாறாவதோ குடும்பம். தாய்க்கு அன்று தொழிற்சாலையில் வேலை. மகன் வந்தான், என் வகுப்புப் பையன். மற்றவர்கள் மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். இவன் நெஞ்சுவரை தூக்கினான். பிறகு இன்னும் கொஞ்சம் தூக்கினான். மூட்டையில் அச்சடித்திருந்த பூப்படமும், அதற்கு மேல் எண்ணெய் வைத்து வாரிய முடியும், இரண்டு பக்கமும் இரண்டு காதுகளும்தான் தெரிந்தன. அடியில் பாரம் தாங்கிய விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. எதிரே மூன்றாம் வரிசையில் அவனோடு படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதை அப்புறம்தான் கவனித்தேன்.

“தம்பி, மூட்டையைக் கொஞ்சம் இறக்கு, முகம் மறைகிறது” என்றேன். படக்காரர் சொல்லவில்லை, தலைவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஆசிரியை சொல்லிவிட்டாள் என்று உடனே இறக்கினான். சிரிக்கக்கூடச் செய்தான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மலாயில் பின்தங்கியவர்கள் ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்புக்குப் போகாமல், தமிழ்ப்பள்ளியிலிருந்து நேராகப் படிவம் 1க்கு வந்த கெட்டிக்காரன் அவன். உங்களில் யாருக்காவது இப்படி ஒன்று உண்டா?

பொருளாளர்:

சகோதரி, வருத்தம் புரிகிறது. ஆனால் படமே எடுக்கக்கூடாது என்பதுபோல் ஆரம்பித்துவிட்டீர்களே. ஒரு சங்கத்தின் கணக்கைப் பதினோரு ஆண்டு சுமந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் சந்திப்பு சிறியது. 2021இல் வெள்ளைக் கொடி கட்டிய நாட்கள். உணவில்லாத வீட்டார் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் போதும், யாராவது பொருள் கொண்டுபோவார்கள். பழைய தோட்டத்து வரிசை வீடு ஒன்றில் வெள்ளைத் துணி ஆடியது. கூடையோடு போய் இறங்கினோம். பாட்டி வெளியே வந்து பார்த்துவிட்டு, “ஐயா, அது கொடி இல்லை, பேரனின் துண்டு” என்றார். நாங்கள் அசடு வழிய நின்றோம். பாட்டி கூடையைத் தூக்கிப் பார்த்தார். “இதை மூன்றாவது வீட்டில் கொடுங்கள். அவளிடம் ஒன்றும் இல்லை, ஆனால் அவள் கொடி கட்டமாட்டாள்.” அந்த மூன்றாவது வீட்டைத் தாண்டித்தான் பாட்டி வீட்டுக்கு வந்திருந்தோம். அவ்வளவுதான்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். 1966 ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி பதிவுபெற்ற அமைப்பு, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் அறிக்கையும் கணக்கும் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் பதிவே போய்விடலாம். நன்கொடை கொடுப்பவர் வரிவிலக்கு ரசீது கேட்பார். அதற்கு 1967 ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் வேண்டும். ஊர்ச் சங்கங்களில் பலவற்றுக்கு அது இல்லை. ரசீது கொடுக்க முடியாதவன் வேறு எதைக் காட்டுவான்? படத்தைத்தான் காட்டுவான். ஆகவே இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், தலைவரின் சொந்தப் பெயரில் வேண்டாம். காசோலைக்கு இரண்டு கையொப்பம். வாங்கிய பொருளுக்குக் கடை ரசீது, கொடுத்த பொருளுக்குக் கையொப்பத்தோடு பட்டியல். மளிகைக்கடைக்காரர் கையால் எழுதித் தரும் துண்டுச் சீட்டைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். அரிசியை ஒரே இடத்தில் மொத்தமாக வாங்குங்கள், மூட்டைக்கு ஒன்றிரண்டு வெள்ளி (ரிங்கிட்) குறையும். சமையல் எண்ணெயைக் கடைசி நாளில் வாங்குங்கள், முன்னதாக வாங்கி மண்டபத்தில் வைத்தால் கோயில் விளக்குக்குப் போய்விடும். அனுபவம்.

ஆறாம் நம்பர் வீடு:

பொருளாளர் ஐயா, உங்கள் பாட்டி கதையே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டதே. மூன்றாவது வீட்டுக்காரியை மேடை ஏற்றிப் படம் எடுத்திருப்பீர்களா?

என் கதை தையல் மெஷின். தனித்து வாழும் தாய்மார்களுக்குச் சுயதொழில் என்று ஆறு மெஷின்கள் வந்தன. ரிப்பன் வெட்டினார்கள். நாங்கள் எட்டுப் பேர், நாலு வகுப்பு நடந்தது. ரவிக்கைக்குக் கை வெட்டும் பாடம்வரை வந்தோம், கை வைத்துத் தைக்கும் பாடம் வருவதற்குள் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்குப் பேருந்துக் காசு நின்றுவிட்டது. மெஷின்களைப் பூட்டி வைத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். பின்கட்டுக்குப் போனேன். மெஷின் மூடிகளின்மேல் பலகை போட்டு ரசப் பாத்திரத்தை இறக்கி வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்து பழகிய மெஷின் எனக்குத் தெரியும், சக்கரத்தில் சிவப்பு நூல் சுற்றி அடையாளம் வைத்திருந்தேன். நூல் அப்படியே இருந்தது, அதன்மேல் ரசம் வழிந்து காய்ந்திருந்தது. கை இல்லாத ரவிக்கை இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

கோப்புக்காரி:

இலவச வகுப்புப் பதிவுப் பாரத்தில் அடையாளக் கார்டு எண்ணுக்குப் பன்னிரண்டு கட்டம் இருக்கும். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்று என் எதிரே உட்கார்ந்து நிரப்பியது. முதல் ஆறு கட்டத்தில் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டில் 08, அதாவது பேராக். அதுவரை நிறுத்தாமல் எழுதினாள், நல்ல கையெழுத்து. பிறகு பேனா நின்றது. கடைசி நாலு கட்டம் காலி. “மறந்துவிட்டதா? பரவாயில்லை, நாளை அட்டையைக் கொண்டு வா” என்றேன். “அக்கா, எனக்கு அந்த நாலு நம்பர் இல்லை” என்றாள். யாராவது கேட்டால் எட்டு எண் வரை சொல்லும்படி அவளே பழகி வைத்திருக்கிறாள். கேட்பவர்கள் பெரும்பாலும் எட்டோடு திருப்தியடைந்துவிடுவார்களாம்.

மறுநாள் அப்பா பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, கோயிலில் தாலி கட்டிய படம். பிறப்புப் பத்திரம் இல்லை. தாய்க்கே பத்திரம் எதுவும் இல்லை, பயந்துகொண்டு பதியாமல் விட்டுவிட்டார்கள். ஆறு ஆண்டாக அந்தக் கோப்பு என்னிடம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற கிராணி:

தங்கை எழுதியதைப் படித்தேன். இதற்கெல்லாம் காரணம் நம்மவர் திருமணத்தைப் பதியாமல் விடுவதுதான். 1976 ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிய வேண்டும். பதியாவிட்டால் தகப்பன் குடிமகனுக்குரிய நீலக் கார்டு வைத்திருந்தாலும் பிள்ளைக்குத் தாயின் நிலைதான். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். இதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். தாலி கட்டும் முன் பதிவுத்தாளைப் பார்க்காமல் குருக்கள் தேதி கொடுக்கக்கூடாது என்று நிர்வாகம் தீர்மானம் போடட்டும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் தொண்டர்கள் தலையில் கட்டுகிறோம். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கும் கடமை நிர்வாகத்துக்கு இருந்தது. பள்ளி என்ற பெயரில் பல இடங்களில் கொட்டகைதான் நின்றது, மறுக்கவில்லை. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் ரப்பர் மரத்தில் பால் சீவப் போவார்கள். ஆயா நல்லவளோ கெட்டவளோ, அங்கே ஓர் ஆயா இருந்தாள். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், சனம் மலிவுவிலை வீடுகளுக்கு வந்தது. ஆயாவும் போனாள், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. தாய் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை இரண்டு மணி நேர வகுப்பு நடத்தினால் அந்தப் படி காலியாகிவிடுமா?

கோப்புக்காரி:

ஐயா, சட்டம் எனக்குத் தெரியும். அவள் பிறந்துவிட்டாள். பதியுங்கள் என்று அவளிடம் போய்ச் சொல்ல முடியுமா? அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், விண்ணப்பித்தபோது இருந்த விதிப்படி 21 வயது ஆவதற்குள் முடிய வேண்டும். இப்போது பத்தொன்பது.

செயின்:

நான் வாங்கிய பக்கம். படிவம் 3இல் நின்றவன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், மூடிக்கிடந்த கடையின் ஐந்தடி நடைபாதையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். சமூகத் தொண்டர்கள் வந்தால் தூரத்திலேயே தெரியும், எல்லாரும் ஒரே நிறச் சட்டை.

இந்த அண்ணன் சாதாரணச் சட்டையில் வந்தார், பழைய ஹோண்டாவைத் தள்ளிக்கொண்டு. செயின் கழன்று தொங்கியது. “யாருக்காவது போடத் தெரியுமா?” என்றார். நான் எழுந்தேன். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயினை நடுவில் விரலால் அழுத்திப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட ஆட வேண்டும், முறுக்கினால் அறுந்துவிடும். இதை அவருக்கு விளக்கினேன், அவர் கேட்டுக்கொண்டார். பள்ளியில் நான் யாருக்கும் எதையும் விளக்கியதில்லை. மூன்று வெள்ளி கொடுத்தார். அடுத்த வாரம் இன்னொருவருடைய வண்டியோடு வந்தார். மூன்றாவது வாரம்தான் தொழிற்பயிற்சிப் பாரத்தை எடுத்தார்.

இப்போது ஈப்போவில் பட்டறையில் இருக்கிறேன். உறுத்துவது இதுதான். அன்று அந்த நட்டைத் தொட்டபோது அது ஏற்கெனவே தளர்ந்திருந்தது, துருவின்மேல் புதிய ஸ்பேனர் கீறல். அவரே கழற்றிவிட்டுத் தள்ளி வந்தாரா? அன்று கேட்கவில்லை. இப்போது கேட்கவும் மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற கிராணி:

நல்ல நோக்கமானாலும் ஏமாற்று ஏமாற்றுதான், தம்பி. மோட்டார்த் தொழிலில் இருக்கிறாய், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, சேமநிதி இரண்டும் முதலாளி கட்டுகிறாரா என்று பார். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கு. கட்டவில்லை என்றால்

செயின்:

கட்டுகிறார் ஐயா.

ஆறாம் நம்பர் வீடு:

என் மகள் ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தில் படித்தாள், டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கியது. ஆண்டுதோறும் கல்வி யாத்திரைக்குப் பத்துமலைக்குப் போவார்கள். அங்கேயும் படம் எடுக்கிறார்கள். அவளே முந்திக்கொண்டு முன்வரிசையில் நிற்பாள். லயத்துப் பெண் அக்கா சொன்ன பையனுக்கும் இவளுக்கும் கூச்சம் ஒன்றுதான். இவள் கையில் மூட்டை இல்லை, அவ்வளவே. பொருளாளர் ஐயா படத்துக்காக இவ்வளவு வாதாடுவதால் சொல்கிறேன்.

பொருளாளர்:

நான் படத்துக்கு வாதாடவில்லை, கணக்குக்கு வாதாடுகிறேன். இரண்டும் வேறு.

லயத்துப் பெண் அவர்களே, ஒன்று கேட்கலாமா? தீபாவளிக்கு முந்திய இரண்டாவது ஞாயிறா? மேடைக்குப் பின்னால் நீலத்திரையா? பையனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டா?

லயத்துப் பெண்:

உண்டு. தண்ணீர்க் குழாயில் இடித்துக்கொண்டது.

பொருளாளர்:

அந்த ஆண்டறிக்கையின் அட்டையில் அவன்தான் இருக்கிறான். நூற்று இருபது படங்களில் நல்ல சிரிப்பு இதுதான் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். முந்நூறு பிரதி அடித்தோம். பள்ளிகளுக்கும் அனுப்பினோம்.

லயத்துப் பெண்:

எந்தப் பள்ளிகளுக்கு?

பொருளாளர்:

அவன் பள்ளிக்கும்தான்.

மீதிப் பிரதிகள் மண்டபத்துப் பின்கட்டு அலமாரியில் இருக்கின்றன, நாற்பது தேறும். சாவி பண்டாரத்திடம். நாளை காலை பூசை முடிந்ததும் போகிறேன்.

ஆறாம் நம்பர் வீடு:

பின்கட்டா? மெஷின்களும் அங்கேதான் இருக்கின்றன. எத்தனை மணிக்கு?