[கலைச்சொல்] ஆஃப்டர்மார்க்கெட் ஏர் ஃபில்டர்: தமிழில் என்ன போடலாம்?

ராயபுரம், பயிற்சி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாலை வகுப்புக்கு வரும் மெக்கானிக் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு செய்கிறோம். திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 'ஆஃப்டர்மார்க்கெட் ஏர் ஃபில்டர் வாங்கலாமா?' என்று ஒரு பாடம், அதன் தலைப்பிலேயே நிற்கிறேன். ஏர் ஃபில்டருக்குக் காற்று வடிகட்டி போட்டாயிற்று. முதல் சொல்லுக்குத்தான், அதாவது வண்டிக் கம்பெனி அல்லாமல் மற்றவர்கள் விற்கும் பாகம் என்பதற்குத்தான், வழியில்லை. 'பின்சந்தை' என்று சொல்லிப் பார்த்தேன். திருட்டு சாமான் விற்கிற இடமா மேடம் என்று கேட்கிறார்கள். உதவுங்கள்.

பெரம்பூர், மொழிபெயர்ப்பாளர்:

பின்சந்தை வேண்டாம், அது சொல்லுக்குச் சொல் போட்டது. வண்டியை விற்ற பிறகு அதன் உதிரி பாகங்களுக்கு உண்டாகும் வியாபாரம் என்பதுதான் கருத்து. 'மாற்றுறுப்பு' எப்படி? சுருக்கமாகவும் இருக்கிறது.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மாற்றுறுப்பு என்றால் சிறுநீரகம்தான் நினைவுக்கு வரும் அம்மா. அது கிடக்கட்டும், அதைவிட முக்கியமான ஒன்றை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். வடிகட்டி என்பதே காற்றுக்குப் பொருந்துமா? வடிதல் நீர்மத்தின் வினை. கஞ்சி வடிக்கிறோம், வெள்ளம் வடிகிறது. காற்று எங்கே வடிகிறது?

நம்மிடம் பொருத்தமான சொல் உண்டு. நன்னூலில் மாணாக்கர் வகையைச் சொல்லும்போது கடை மாணாக்கனுக்கு நெய்யரியை உவமை காட்டுகிறார் பவணந்தி. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது நெய்யரி. மாணவனுக்கு அது இழுக்கு, ஆனால் இன்ஜினுக்கு முன்னால் உட்காரும் கருவிக்கு வேறென்ன வேலை? கசடைத் தான் வைத்துக்கொண்டு காற்றை விட வேண்டும். நெய்யரி போல வளியரி. நிலம், தீ, நீர், வளி, விசும்பு என்று தொல்காப்பியமே ஐம்பூதத்தில் காற்றை வளி என்றுதான் வைக்கிறது.

அரித்தல் செத்துப்போன சொல்லும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் இன்றும் கல் போக அரிசியை அரிக்கிறார்கள், மணல் சலிக்கிறவர்களிடம் அரிதட்டு உண்டு. அரிசி என்ற பெயரே இந்த அரியோடு உறவுடையது என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

எண்ணூர், பட்டறை வைத்திருப்பவர்:

ஐயா, வணக்கம். அரிசி மடல் பிறகு வரட்டும். பாடத்தின் விஷயம் தெரிந்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கடையில் 'வெளி ஐட்டம்' என்று கேட்டால் மூன்று சாமான் வரும். மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் பிள்ளைகள் ஏமாறுவார்கள். முதலாவது, பேர் பெற்ற ஃபில்டர் கம்பெனியின் சொந்தப் பெட்டி. வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. மாலே, மான் பிளஸ் ஹம்மல் போன்றவர்கள் செய்து கொடுக்கிறார்கள், அவர்களே தங்கள் பேரிலும் விற்கிறார்கள். விலை குறைவாக இருந்து அளவும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். இரண்டாவது, கே அண்ட் என் மாதிரி எண்ணெய் பூசிய பருத்தித்துணி ஃபில்டர். கழுவி மறுபடி போடலாம், விலை ஆயிரக்கணக்கில். மூன்றாவது, கம்பெனி பேரையே போட்டு வரும் டூப்ளிகேட்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். நம்ம பக்கத்துக் காற்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூள், எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்புகிற மண். வண்டியோடு வரும் கையேட்டில் ஃபில்டரை மாற்ற 40,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும், தூசி அதிகமுள்ள இடத்தில் முன்னாலேயே மாற்றச் சொல்லி அதே கையேட்டில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

பருத்தி ஃபில்டரில் காற்று லேசாகப் போகும், உண்மைதான். ஆனால் பொதுவாக நுண்தூசியும் கூடுதலாக உள்ளே போகும். எண்ணெயைக் கை நிறையப் பூசிவிட்டால் காற்றளவு பார்க்கும் சென்சாரின் கம்பியில் படிந்து வண்டி தடுமாறும். பவர் கூடும் என்கிறார்கள். லாரி வரிசையில் ஊர்ந்து போகும்போது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கிறது, அங்கே ஃபில்டர் என்ன பவரைக் கொடுக்கும்? மைலேஜ் கதையும் அப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், இன்றைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, வேகமெடுப்புதான் குறைந்தது.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மூடியைக் கழற்றி ஃபில்டரை எடுத்துவிட்டு, இன்ஜின் பக்கத்து உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். ரப்பர் விளிம்பு உட்காரும் இடத்தைத் தாண்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தால் காற்று ஃபில்டர் காகிதம் வழியாகப் போகவில்லை, ஓரமாகப் போயிருக்கிறது. இந்தக் கோடு போட்ட வண்டிகள் என் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே எனக்கு மூன்று சொல் போதும்: வண்டிக் கம்பெனி பெட்டியில் வருவது கம்பெனி பாகம், மேலே சொன்ன முதல் இரண்டும் வெளிப் பாகம், டூப்ளிகேட் போலிப் பாகம்.

பெரம்பூர், மொழிபெயர்ப்பாளர்:

விளக்கத்துக்கு நன்றி அண்ணே, பாடத்தை அப்படியே இதிலிருந்து எடுக்கலாம். ஆனால் 'கம்பெனி பாகம்' கலைச்சொல்லா? 'மூலப் பாகம்' என்றாவது போடுங்கள்.

ராயபுரம், ஆசிரியை:

மூலம் வேண்டாம், மூலப்பொருளோடு குழம்புகிறது. ஐயாவின் வளியரியை நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். அரிப்பு, அரிமானம் எல்லாம் துருவுக்கு வைத்துப் படித்த பிள்ளைகள். 'காத்து பட்டுத் துரு ஏறுறதா மேடம்?' என்றான் ஒருவன். இதை என்னால் தள்ள முடியவில்லை ஐயா.

திருவொற்றியூர், தமிழாசிரியர்:

அந்தப் பையன் மேல் குறையில்லை. துருவுக்கு அரிமானத்தைக் கொடுத்தவர்கள் மேல்தான் குறை. புதுச்சொல்லை முதல் நாளே யார் ஏற்றார்கள்? கணிப்பொறி என்றோம், கணினி வந்தது, இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எண்ணூர், பட்டறை:

கணினி நின்றது, சரி. பேருந்து எழுத்தில் நின்றது, திருவொற்றியூர் நிறுத்தத்தில் நிற்கிறவர் பஸ் எப்ப வரும் என்றுதான் கேட்கிறார். பிள்ளைகள் கடைக்குப் போய் வாயைத் திறந்து கேட்கிற சொல்லாக இருக்கட்டும் ஐயா. தப்பான சாமானை வாங்கி வந்தால் இன்ஜின் அல்லவா தேயும்.

பெரம்பூர், மொழிபெயர்ப்பாளர்:

எனக்கு 'வெளிப் பாகம்' இன்னும் உறுத்துகிறது. பம்பர், கண்ணாடி எல்லாம் வண்டியின் வெளிப் பாகம்தானே? 'வெளித்தயாரிப்பு' என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

ராயபுரம், ஆசிரியை:

அது நியாயம். இன்று ஞாயிறு, இனி தள்ள முடியாது. கையேட்டில் இப்படிப் போகிறது: காற்று வடிகட்டி, கம்பெனித் தயாரிப்பு, வெளித்தயாரிப்பு, போலி. விரலால் தடவிப் பார்க்கும் சோதனையைப் படத்தோடு போடுகிறேன். மறுப்பு இருந்தால் இரவுக்குள் சொல்லுங்கள்.

திருவொற்றியூர், தமிழாசிரியர்:

மறுப்பு உண்டு, பதிவு செய்துகொள்ளுங்கள். சொற்பட்டியலில் காற்று வடிகட்டிக்குப் பக்கத்தில் 'வளியரி' என்று ஒரு வரியாவது வேண்டும். அப்புறம், எண்ணூர் தம்பி அவ்வளவு சொன்ன அந்த ரப்பர் விளிம்புக்கு இங்கே யாரும் தமிழ் கேட்கவில்லையே. பொருத்துவாய் சரியாக வருமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், நாளை எழுதுகிறேன்.