2.25 சொல்கிறார், கையில் 2 லட்சம்தான்: 2013 ஆல்டோவுக்கு எவ்வளவு கேட்கலாம்?

அம்பை சைக்கிள்காரன்:
வணக்கம் அண்ணாச்சிமாரே. அம்மாவை மாதம் இரண்டு தடவை அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் போனால் அவர்களுக்கு இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை, வாடகைக் கார் நமக்குக் கட்டுப்படியாகவில்லை. சீட்டு எடுத்த பணமும் சேர்த்து 2 லட்சம் இருக்கிறது, கடன் வாங்குவதாக இல்லை. பேட்டைப் பக்கம் ஒருவரிடம் ஆல்டோ 800 பார்த்தேன். 2013 மாடல், டிஎன் 72 (திருநெல்வேலி) பதிவு, இரண்டாவது ஓனர், 78 ஆயிரம் கிலோமீட்டர். கிளட்ச் கொஞ்சம் கனமாக இருந்தது, டயர் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. 2.25 சொன்னார். என்னிடம் இரண்டுதான் இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு, "இன்சூரன்ஸ் எட்டு மாசம் கிடக்கு, ஏசி ஐஸ் மாதிரி இருக்கு, சரி தம்பி, உனக்காக 2.10" என்கிறார். எனக்குப் பேரம் பேசவே வராது, காய்கறிக் கடையிலேயே சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். எவ்வளவு கேட்டால் நியாயம்?

பழைய பிளக்:
கையில் உள்ளதைச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கேயே போச்சு. இனி அவருக்கு 2 என்பது தரை, அதற்குக் கீழே இறங்க மனசு வராது. பரவாயில்லை, சரி செய்யலாம். அடுத்த தடவை போகும்போது பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள், வண்டியைப் பற்றி மட்டும் பேசுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2317 என்றால் 2017-இல் 23-வது வாரம் செய்த டயர். டயர் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும், நான்கும் மாற்ற 12 ஆயிரமாவது ஆகும். கிளட்ச் கனமாக இருந்தால் செட் மாற்ற வேண்டி வரலாம், கூலியோடு 6, 7 ஆயிரம் வையுங்கள். இன்சூரன்ஸ் எட்டு மாதம் இருக்கிறது என்பதில் பெரிய லாபம் இல்லை. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் கிளெய்ம் பண்ணாமல் சேர்த்த போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்டுவீர்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் முன்னாலேயே கூட்டிக் காட்டுங்கள். நான் என்றால் 1.70-இல் ஆரம்பிப்பேன், 1.90-க்கு மேல் ஏற மாட்டேன். மிச்சப் பத்தாயிரம் வண்டிக்கு, விற்கிறவருக்கு அல்ல.

வண்ணார்பேட்டை அக்கா:
விலைக்கு முன்னால் ஒன்று பாருங்கள் தம்பி. 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்துவிடாதீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டியது, இங்கே ஆற்றங்கரைத் தெருக்களில் நின்ற கார்களெல்லாம் தண்ணீரில் கிடந்தன. அதில் சில இப்போது பாலிஷ் போட்டுக்கொண்டு விற்பனைக்கு நிற்கின்றன. எங்கள் வீட்டுக்காரர் பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் அப்படி ஒன்றை வாங்கிவிட்டு, ஒவ்வொரு மழைக்கும் ஹாரன் தானாக அடிக்கிற அதிசயத்தைத் தெருவே பார்த்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு இருந்தால் பேரமே வேண்டாம், வந்துவிடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் தண்டவாளக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள்.

சந்தைக்காரன்:
மேலப்பாளையம் சந்தையில் எங்கள் தாத்தா துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டு விலை பேசுவார், முகத்தில் ஒன்றும் தெரியாது. இவரானால் பர்சைத் திறந்து காட்டிவிட்டு வந்திருக்கிறார்! ஆனால் பிளக் அண்ணாச்சி சொன்ன 1.70 ரொம்பக் கீழே, அடிமாட்டு விலை கேட்டால் ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 1.80 கேளுங்கள். அவசரம் இல்லையென்றால் ஆடி வரைக்கும் இழுங்கள், நம்ம பக்கம் ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க ஆள் வராது, விற்கிறவர் தானாக இறங்குவார். செங்கோட்டை தாண்டி கேஎல் வண்டி, அதாவது கேரளாப் பதிவு, மலிவு என்று யாராவது இழுத்தால் போகாதீர்கள். அங்கே ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரியும் கட்டினால் அந்த மலிவு ஓடிப்போகும்.

பழைய பிளக்:
சரி, 1.80. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பரிவாகன் என்கிற அரசு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எச்.பி. (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆகாமல் கிடந்தாலும், அபராதம் பாக்கி நின்றாலும் பேர் மாறாது. அதை அவர்தான் முடித்துத் தர வேண்டும், விலையில் கழிக்கிற சமாச்சாரம் இல்லை. பேர் மாற்றுகிற படிவம் 29, 30-இல் அவர் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தை எண்ணாதீர்கள். 2013 வண்டி என்றால் 2028-இல் 15 வருடம் முடிகிறது, அப்போது எஃப்சி (தகுதிச் சான்று), பசுமை வரி, புதுப்பிக்கிற கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். இதையும் அவரிடம் சொல்லுங்கள், சத்தம் போடாமல்.

அம்பை சைக்கிள்காரன்:
நேற்று மெக்கானிக்கோடு போய் வந்தேன். சீட் பெல்ட் சுத்தம், துரு இல்லை. டயர் நான்கும் 2016, கிளட்ச் மாற்றியே ஆக வேண்டுமாம். தாளில் எழுதிக் காட்டி 1.80 என்றேன், கை நடுங்கியது. 2-க்குக் கீழே ஒரு பைசா குறையாது என்றார். சரி அண்ணாச்சி என்று பைக்கை எடுத்துவிட்டேன், வாழ்க்கையிலேயே முதல் தடவை. சுத்தமல்லி விலக்கு தாண்டவில்லை, போன் வந்தது. 1.88-க்குப் பேசி முடித்திருக்கிறேன், 750 ரூபாய் அபராதம் பாக்கி இருந்தது, அதையும் அவரே கட்டுகிறார். ஒரே ஒரு சந்தேகம், சாவி ஒன்றுதான் தருகிறார், இன்னொன்று தொலைந்துவிட்டதாம். ஏதாவது பிரச்சினை வருமா?

சந்தைக்காரன்:
அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதோ! பூட்டு செட்டையே மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதற்கும் ஒரு மூவாயிரம் ரூபாய் கழியுங்கள் தம்பி. இப்போதுதான் பேசப் பழகியிருக்கிறீர்களே.