காப்புக்காட்டை ஒட்டிய மாந்தோப்பு: தீத்தடுப்புக் கோடு எவ்வளவு அகலம், எப்போது வெட்டுவது?

அடிவாரத்தோப்பு:
அமிர்தி பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். மேலே காப்புக்காடு, கீழே எங்கள் தோப்பு, பொது எல்லை சுமார் 800 மீட்டர். இடுப்பளவு போதைப்புல், இடையிடையே உண்ணிச்செடி. டிசம்பரில் 3 மீட்டர் அகலத்துக்கு வெட்டியிருந்தும் மாசியில் தீ தாண்டி வந்துவிட்டது. இந்தமுறை எவ்வளவு அகலம் வைக்கலாம்? சருகை ஊதித் தள்ளும் ப்ளோவர் வாங்கினால் பிரயோஜனப்படுமா?

கல்லாமணக்கு:
டிசம்பரில் வெட்டி அப்படியே விட்டிருப்பீர்கள். அதுதான் கோளாறு. நம்ம பக்கம் இலையுதிர் காடு. தை கடைசியிலிருந்து பங்குனி வரை சருகு கொட்டிக்கொண்டே இருக்கும். கோட்டில் நான்கு விரல் சருகு சேர்ந்தாலே தீக்குப் பாலம் போட்ட மாதிரி. அகலத்தைக் கூட்டினாலும் வாரத்துக்கு ஒருமுறை வாரித் தள்ளாவிட்டால் பலனில்லை.

அந்தப் புல்லுக்கு 6 மீட்டர் வையுங்கள். நடுவில் 1 மீட்டராவது வேர் வரை செதுக்கி வெறும் மண் தெரியவேண்டும். புல்லை மார்கழிக் கடைசியில் அறுங்கள். அதற்கு முன்னால் அறுத்தால் ஈரத்தில் மறுபடி தழைத்துவிடும். உண்ணிச்செடியை வெட்டினால் போதாது, தூரோடு பெயர்க்கவேண்டும். அறுத்ததைக் காயவிட்டு, கோட்டின் நடுவில் சின்னச் சின்னக் குவியலாகப் பனி விலகாத காலையில் எரியுங்கள். வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் ஆள் கூட இருக்கும்போது மட்டும். காட்டுக்குள் ஒரு செடிகூட நீங்களாக வெட்டக்கூடாது. கோடு முழுக்க உங்கள் பட்டா பக்கமே இருக்கட்டும்.

காடு மேலே என்பதால் இன்னொன்று. சரிவில் இறங்கும் தீ மெதுவாகத்தான் வரும், ஆனால் எரியும் கட்டை உருண்டு கோட்டைத் தாண்டும். கோட்டின் கீழ் ஓரத்தில் ஒரு அடி ஆழப் பள்ளம் எடுத்து, அந்த மண்ணைத் தோப்புப் பக்கம் வரப்பாகப் போடுங்கள். கட்டை அதில் விழுந்து நின்றுவிடும். மழையில் பள்ளம் வாய்க்காலாகி அறுக்காமல் இருக்க, 20 மீட்டருக்கு ஒரு தடுப்பு விடுங்கள்.

சருகுவாரி:
ப்ளோவர் வாங்குங்கள். சருகு தள்ள அதைவிட வேகமானது இல்லை. ஆனால் எரியும் தீயில் முழங்காலுக்குக் கீழான சருகுத்தீக்கு மட்டும்தான். ஓரத்திலிருந்து, எரிந்து முடிந்த பக்கமாக ஊதவேண்டும். உயரப் புல்லில் ஊதினால் தீ இன்னும் கிளம்பும். ஊதுகிறவர் பின்னால் ஒருவர் பல்வாரியோடு வரவேண்டும். பெட்ரோலில் கலக்கும் ஆயில் அளவு கையேட்டில் இருக்கும் (1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி). இன்ஜின் ஆறிய பிறகே டேங்க் நிரப்புங்கள். மருந்தடிக்கும் 16 லிட்டர் ஸ்பிரேயர் இரண்டு தண்ணீரோடு தயாராக இருக்கட்டும், மருந்து வாடை போகக் கழுவிவிட்டு. பருத்திச் சட்டை, தோல் ஷூ; நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

மலைக்காவல்:
டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் (FSI) செயற்கைக்கோள் தீ எச்சரிக்கைக்குக் கைபேசி எண்ணை இலவசமாகப் பதியலாம். அதையே நம்பி இருக்காதீர்கள். செயற்கைக்கோளில் உள்ள நுட்பமான உணர்கருவிக்கே படத்தில் ஒரு புள்ளி தரையில் 375 மீட்டர், அந்தச் செயற்கைக்கோள்கள் மதியம் ஒன்றரை, இரவு ஒன்றரை வாக்கில் கடக்கும். மூன்று மணிக்குப் பிடித்த தீ ராத்திரிதான் தெரியவரும். அதனால் மாசி, பங்குனியில் பகல் 11 முதல் 5 வரை உயரமான பாறையில் ஒரு ஆள் அவசியம்.

தீ வந்தால் முதலில் சரக அலுவலகம், 101. சரிவில் தீக்கு மேலே யாரும் நிற்கவேண்டாம், ஓடை இடுக்குக்குள் இறங்கவேண்டாம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீ எல்லோருக்கும் நினைவிருக்கும்: மேல்நோக்கி ஓடும் தீயை மனுஷன் முந்த முடியாது.

அடிவாரத்தோப்பு:
நன்றிங்க. அணைந்த பிறகு எவ்வளவு நேரம் காவல் இருக்கணும்?

மலைக்காவல்:
குறைந்தது மறுநாள் மாலை வரை. மதியக் காற்றில்தான் அடிக்கட்டை மறுபடி பிடிக்கும். எரிந்த ஓரத்திலிருந்து உள்ளே 30 மீட்டர் வரை ஒவ்வொரு கட்டையின் அருகிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள், தொடவேண்டாம். சூடு தெரிந்தால் உடைத்து, மண்ணும் தண்ணீரும் சேர்த்துக் குழப்புங்கள். மண்ணை மேலே மூடிவிட்டு மட்டும் வந்தால் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும்.