இஞ்ச் ஸ்பேனர், மில்லிமீட்டர் போல்ட்: வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நாம் பார்த்தது

தூத்துக்குடி சீஃப்:

போன வாரம் நம்ம குழுவுல எகிப்து, அல்ஜீரியா போர்க்கப்பல் வாங்குற செய்தியைப் பத்திப் பேச்சு வந்தப்போ, "அந்தப் பக்கம் போனவங்க யாராவது இருந்தா எழுதுங்க"ன்னு கேட்டீங்க. நான் போர்க்கப்பல்ல வேலை பார்த்தவன் இல்ல, சரக்குக் கப்பல்ல சீஃப் என்ஜினியர். ஆனா 2018ல அலெக்ஸாண்ட்ரியா பக்கம் ஒரு யார்டுல இருபத்தாறு நாள் மாட்டிக்கிட்டேன். யார்டு பேர் வேண்டாம். ஸ்டெர்ன் ட்யூப் சீல், அதாவது ப்ரொப்பெல்லர் தண்டு வெளிய போற இடத்தை அடைக்குற சீல், கசிஞ்சு, கப்பலுக்குப் பின்னால எண்ணெய் கோடு போட ஆரம்பிச்சிருச்சு. பதினோரு நாள்ல முடிச்சுத் தர்றோம்னு சொல்லித்தான் டிரை டாக்ல (தண்ணியை வடிச்சுட்டு கப்பலை நிறுத்தி வேலை பார்க்குற தளம்) ஏத்தினாங்க.

அங்க ஃபோர்மேன் ஒருத்தர், அறுபதைத் தொட்டவர். எல்லாரும் "ரயீஸ்"னு கூப்பிடுவாங்க, நம்ம ஊர்ல மேஸ்திரின்னு சொல்ற மாதிரி. இருபது வருஷத்துக்கு மேல அவங்க கடற்படையில என்ஜின் ரூம்ல இருந்துட்டு வந்தவர். அவர்கிட்ட ரெண்டு டூல் பெட்டி. ஒண்ணு நீலம், ஒண்ணு சிவப்பு. நான் நீலப் பெட்டியில கையை விட்டேன், டக்குனு என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டார். "அது அமெரிக்கா. உன் கப்பலுக்குச் சிவப்பு."

நீலப் பெட்டி முழுக்க இஞ்ச் ஸ்பேனர், சிவப்பு முழுக்க மில்லிமீட்டர். இதுல வேலை பார்த்தவங்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். முக்கால் இஞ்ச்சும் 19-ம் ஒண்ணுபோல உட்கார்ந்துடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த தைரியத்துல ஒன்பது பதினாறு போல்ட்டுக்குப் போனா 14 ஏறாது. 15-ஐப் போட்டா வழுக்கும், ரெண்டு தடவை வழுக்கினா போல்ட் தலை உருண்டை ஆயிடும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான். உப்புத் தண்ணி பட்டு இறுகின போல்ட்னா கேக்கவே வேண்டாம்.

சாயங்காலம் கண்ணாடிக் கிளாஸ்ல டீ வரும். பாதி சீனி, பாதி டீ. அதைக் குடிச்சுக்கிட்டே விரலை மடக்கி ஒரு நாள் சொன்னார். அமெரிக்காவோட பழைய நாக்ஸ் வகை ஃப்ரிகேட் (நடுத்தரப் போர்க்கப்பல்) ரெண்டு 1994ல. பெர்ரி வகை நாலு, 1996லிருந்து 98க்குள்ள. 2015ல பிரான்சோட ஃப்ரெம் வகை ஃப்ரிகேட் ஒண்ணு. அதே வருஷம் ரஷ்யா அனுப்பின மோல்னியா ஏவுகணைப் படகு. 2016ல பிரான்ஸ் கட்டின ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பல் மிஸ்ட்ரால் ரெண்டு. ஜெர்மனிக்காரன் சப்மரின் நாலு, முதல் ஒண்ணு 2016 டிசம்பர்ல கைக்கு வந்தது. இதுபோக சீனாக்காரன் கொடுத்த பழைய ரோமியோ சப்மரின்கள். அதுல அமெரிக்க ஹார்பூன் ஏவுகணையைப் பொருத்தி ஓட்டினாங்களாம். விரல் தீர்ந்து போச்சு, இன்னொரு கையை எடுத்தார்.

(நான் திரும்பி வந்த பிறகு இத்தாலி ஃப்ரெம் ரெண்டு, ஜெர்மனியோட மீகோ ஃப்ரிகேட் வேற சேர்ந்திருக்கு.)

"ஒவ்வொரு கப்பல் வரும்போதும் பேண்டு வாத்தியம், கொடி, மந்திரி. எல்லாரும் போனப்புறம் நாங்க மேனுவலைத் திறப்போம். அப்பத்தான் தெரியும், அது எந்த பாஷைன்னு" என்றார்.

கரண்ட் விஷயத்தையும் அவர்தான் சொன்னார். அமெரிக்கக் கப்பல் 450 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்). ரஷ்யப் படகு 380 வோல்ட், 50 சைக்கிள். ரெண்டும் ஒரே ஜெட்டியில கட்டியிருந்தா கரையிலிருந்து கரண்ட் கொடுக்கத் தனித்தனிக் கன்வர்ட்டர் வேணும். செய்தியில ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் போகும்னு போடுவான், இதையெல்லாம் எவன் போடுறான்?

---

காயல் ஸ்டோர்ஸ், துபாய்:

அண்ணே, அந்தப் பக்கத்துக் கப்பலுக்கெல்லாம் ஸ்பேர், அதான் உதிரிபாகம், எங்க கை வழியாத்தான் போவுது. நான் பன்னிரண்டு வருஷமா கப்பல் சாமான் சப்ளை கம்பெனியில பர்ச்சேஸ் பாக்குறேன்.

ஒரு சம்பவம் சொல்றேன். அல்ஜீரியா துறைமுகத்துலேந்து ஒரு ஏஜெண்ட் கடல்தண்ணி பம்ப்புக்கு மெக்கானிக்கல் சீல் கிட் கேட்டாரு. ஐநூறு டாலருக்குள்ள அடங்குற சாமான். சரக்குக் கப்பலுக்குன்னா இன்னிக்கு ஆர்டர், நாளைக்கு கூரியர். ஆனா அவரு ஃபாரத்துல கப்பல் பேரை உள்ளபடியே எழுதிட்டாரு. அது போர்க்கப்பல். அவ்வளவுதான், உற்பத்தி பண்ற கம்பெனி நிறுத்திட்டான். எண்ட் யூசர் சர்டிஃபிகேட் (கடைசியில யாரு பயன்படுத்தப் போறாங்கன்னு சொல்ற சான்று) கொண்டா, அதுல அந்த நாட்டு அதிகாரி கையெழுத்து, முத்திரை, இதை வேற எவனுக்கும் கை மாத்த மாட்டோம்னு உறுதிமொழி. அதோட அவங்க நாட்டு ஏற்றுமதி அனுமதி. அஞ்சு மாசம் ஓடிடுச்சு, காக்காமாரே, அண்ணன்மாரே! ஒரு ரப்பர் வளையம், ஒரு ஸ்பிரிங், ஒரு கார்பன் முகம். அதுக்கு அஞ்சு மாசம்.

அந்த அஞ்சு மாசம் பம்ப்பு எப்படி ஓடியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. ஓடியிருக்காது. பக்கத்துல நிக்கிற கப்பலோட பம்ப்பைக் கழட்டி இதுல மாட்டியிருப்பாங்க. அப்புறம் அந்தக் கப்பல் நிக்கும்.

லிபியா கதை வேற மாதிரி. 2011 பிப்ரவரியில ஐநா 1970ஆம் தீர்மானம் போட்டதுலேந்து ஆயுதம் மட்டுமில்ல, அதுக்கான உதிரிபாகமும் தடை. 2020லேந்து ஐரோப்பாக்காரங்க இரினி-ன்னு பேர் வெச்சு அந்தக் கடல்ல கப்பலை நிறுத்தி சோதனை போடுறாங்க. எங்களுக்கு ஒருத்தரு ஃபோன் போட்டு என்ஜினுக்கு எரிபொருள் பீச்சுற இன்ஜெக்டர் ரெண்டு டஜன் கேட்டாரு. எந்தப் படகுக்குன்னு கேட்டேன். "மீன்பிடிப் படகு"ன்னாரு. பார்ட் நம்பரைப் பாத்தா நாலாயிரம் குதிரைசக்தி என்ஜின். அந்த வேகத்துல எந்த மீனைத் துரத்தப் போறாருன்னு தெரியல. எங்க முதலாளி ஃபோனை வாங்கி ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு.

---

வைசாக் பழைய ஆள்:

நான் இந்தியக் கடற்படையில், ரஷ்யத் தயாரிப்பான கிலோ வகை சப்மரின்களில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் மூன்று வருடம். அங்கேதான் இந்தச் சந்திப்பு.

எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு அல்ஜீரியர். அவருக்கு அரபியும் பிரெஞ்சும். எனக்குத் தமிழ், தெலுங்கு, கொஞ்சம் இந்தி, இங்கிலீஷ். அவருக்கு இங்கிலீஷ் வராது. முதல் ஒரு மாதம் தலையாட்டலிலேயே போனது. ஒரு நாள் ஒரு படகின் குளிரூட்டும் லைனில் தண்ணீர் பீறிட்டது. பதற்றத்தில் என் வாயிலிருந்து "க்ளாப்பான்! க்ளாப்பான்!" என்று வந்துவிட்டது. ரஷ்ய மொழியில் வால்வு. அவர் ஒரே பாய்ச்சலில் போய்ச் சரியான வால்வை மூடினார். பிறகு மெதுவாகத் திரும்பி, "நாசோஸ்?" என்றார். பம்ப். நான் "தாவ்லெனியே" என்றேன். அழுத்தம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளியே எட்டிப் பார்த்தார்.

எங்கள் முதல் கிலோவான சிந்துகோஷ் 1986இல் வந்தது. அல்ஜீரியாவின் முதல் இரண்டு கிலோக்கள் 1987, 88இல் போயின. ஒரே மாடல். அவர் அங்கே மெர்ஸ் எல் கெபிர் கடற்படைத் தளத்தில் இருந்தவர். இரண்டு பேரும் வெவ்வேறு கடலில், ஒரே மாதிரி பலகை ஒட்டிய ஒரே வால்வைத் திருப்பி ஆயுளில் பாதியைக் கழித்திருக்கிறோம்.

அவரிடம் கேட்டேன், உங்களுக்கு எது பெரிய தலைவலி என்று. பேட்டரி என்றார். எங்களுக்கும் அதேதான். ஒரு கிலோவில் 240 செல், 120 வீதம் இரண்டு பிரிவு. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். விசிறி நின்றால், கணக்கு தப்பினால் முடிந்தது. 2010இல் விசாகப்பட்டினத்தில் எங்கள் இன்னொரு கிலோவான சிந்துரக்ஷக்கில் பேட்டரி அறையில் தீப்பிடித்து ஒருவர் இறந்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பெரிய பழுதுபார்ப்பு என்றால் அவர்கள் கப்பல் ஜிப்ரால்டரைத் தாண்டி, ஐரோப்பாவைச் சுற்றி, பால்டிக்கில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போக வேண்டும். போன சப்மரின் வருடக்கணக்கில் வராது. காத்திருப்பதில் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் சிந்துகீர்த்தி சப்மரின் இந்தியாவிலேயே ஒன்பது வருடம் யார்டில் நின்றது.

ஒன்று சொல்லியாக வேண்டும். குறைப்பட்டுக்கொண்டாலும் அவர் ரஷ்யக்காரனை விட்டுக்கொடுக்கவில்லை. "சத்தம் வராத சப்மரின். அதைவிட வேறென்ன வேண்டும்?" என்றார்.

---

புதுசா வந்தவன்:

சார், அண்ணே, ஒரு டவுட். இவ்வளவு கஷ்டம்னா ஒரே நாட்டுகிட்ட மொத்தமா வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? ஸ்பேனர் ஒரே சைஸா இருக்குமே.

---

தூத்துக்குடி சீஃப்:

தம்பி, நானும் ரயீஸ்கிட்ட இதையேதான் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "நாங்க ஒருத்தன்கிட்ட வாங்கிப் பார்த்தவங்கதான்" என்றார்.

நடந்தது இதுதான். 1955லிருந்து எகிப்துக்கு சோவியத் ஆயுதம். கப்பல், சப்மரின், மிக் விமானம் எல்லாமே அங்கேயிருந்துதான். 1972 ஜூலையில எகிப்து அதிபர் சதாத் சோவியத் ஆலோசகர்களை வெளியேத்தினார். உறவு கசந்தது, ஸ்பேர் குழாயும் இறுகிக்கிட்டே வந்தது. 1976 மார்ச்சுல சோவியத்தோட இருந்த நட்பு ஒப்பந்தத்தையே கிழிச்சுப் போட்டார். மிக் என்ஜினுக்கு வழி தேடி அவங்க தட்டின கதவுல ஒண்ணு நம்ம இந்தியாவோடது, ஏன்னா மிக்-21ஐ லைசென்ஸ்ல இங்க செஞ்சிட்டு இருந்தோம். மாஸ்கோ அனுமதி தரல, நம்மளால கொடுக்க முடியல. கடைசியில சீனாக்காரன் முப்பது என்ஜினைக் காசில்லாம தூக்கிக் கொடுத்தான். நாம செஞ்ச பொருளையே நாம கொடுக்க இன்னொருத்தன் தலையாட்டணும், பார்த்துக்கோ.

லிபியா கதை இதைவிட மோசம். 1976லிருந்து 83க்குள்ள ஆறு சோவியத் ஃபாக்ஸ்ட்ராட் சப்மரின் வாங்கினாங்க. 1992ல ஐநா தடை வந்துச்சு, ஸ்பேர் நின்னது, ஜெட்டியிலயே துருப்பிடிச்சது.

அதனாலதான் கெய்ரோ இப்ப நாலு வீட்டுல கடன் வாங்குற மாதிரி நாலு நாட்டுல வாங்குது. ஒருத்தன் கதவைச் சாத்தினா மொத்தக் கடற்படையும் நிக்காது. அதுக்குக் கொடுக்குற விலைதான் நீலப் பெட்டியும் சிவப்புப் பெட்டியும். அறிவில்லாம வாங்குறாங்கன்னு நான் இனிமே சொல்ல மாட்டேன். ஆனா யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாது. கப்பலுக்குக் கையெழுத்துப் போடுற அன்னிக்கே ஸ்பேருக்கும் பயிற்சிக்கும் காசை ஒதுக்கணும்.

---

வைசாக் பழைய ஆள்:

வாங்குபவன் எப்போதும் பாவம் என்றும் எண்ண வேண்டாம். 2006இல் ரஷ்யா அல்ஜீரியாவின் 470 கோடி டாலர் பழைய கடனைத் தள்ளுபடி செய்து பெரிய ஆயுத ஒப்பந்தம் போட்டது. அதில் வந்த மிக்-29களில் பழைய பாகங்கள் இருப்பதாகச் சொல்லி, 2008இல் பதினைந்து விமானங்களை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். ரஷ்யாவிலேயே உதிரிபாக ஆட்கள் மீது வழக்கு நடந்தது. ஷார்ஜா நண்பர் அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை, தானே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டுவந்த மாதிரி.

---

பாண்டி எலக்ட்ரிசியன், பிரான்ஸ்:

வணக்கம். மிஸ்ட்ரால் பேர் வந்ததால எழுதுறேன். எங்க தாத்தா சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர்), அந்த வழியில நாங்க பிரான்ஸ் வந்தவங்க. 2014லிருந்து, கப்பல் கட்டுற ஊரான சென் நசேர்ல ஒரு சப் காண்ட்ராக்டர்கிட்ட கேபிள் வேலை பார்த்தேன்.

அந்த ரெண்டு கப்பலும் முதல்ல ரஷ்யாவுக்குக் கட்டினது. விளாடிவஸ்தோக், செவஸ்தோபோல்னு பேர். 2014 கோடையில நானூறு ரஷ்ய மாலுமிங்க பயிற்சிக்கு வந்து, ஸ்மோல்னின்னு ஒரு கப்பல்லயே தங்கியிருந்தாங்க. ஊர் பேக்கரியில வரிசையில நிப்பாங்க, சின்னப் பசங்க. ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கிட்ட விவகாரத்துல கப்பலைக் கொடுக்காம பிரான்ஸ் நிறுத்தி வெச்சது, வருஷக் கடைசியில கிளம்பிப் போயிட்டாங்க. அடுத்த வருஷம் ஒப்பந்தம் முறிஞ்சது, பிரான்ஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, எகிப்து கிட்டத்தட்ட 95 கோடி ஈரோவுக்கு ரெண்டையும் வாங்கிச்சு. ரஷ்யாவோட தகவல் தொடர்புக் கருவிகளைக் கழட்டி அவங்களுக்கே அனுப்பினாங்க.

எங்க கும்பலுக்கு வந்தது பெயர்ப் பலகை வேலை. ரஷ்ய எழுத்துல இருந்ததைக் கழட்டணும், ரிவெட் ஓட்டையை அடைக்கணும், புதுசு ஒட்டணும். சலிப்பான வேலை. ஒரு ஃப்யூஸ் பெட்டிக்குப் பின்னால கையே போகாத இடத்துல ஒரு பலகை இருந்தது. மேஸ்திரி பார்த்துட்டு, "விடு, அதை எவனும் பார்க்கப் போறதில்லை"ன்னார். 2016ல கமால் அப்தெல் நாசர்னு புதுப் பேரோட அது கிளம்பிப் போச்சு. அந்தப் பலகை இன்னும் அங்கேயேதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

---

வைசாக் பழைய ஆள்:

அந்தப் பலகையை என் ஷார்ஜா நண்பர் பார்த்தால் படித்துவிடுவார்.

---

காயல் ஸ்டோர்ஸ், துபாய்:

சீஃப் அண்ணே, இருபத்தாறு நாள் ஏன் ஆச்சுன்னு சொல்லவே இல்லையே. சீல் வரலையா?

---

தூத்துக்குடி சீஃப்:

ஸ்டெர்ன் சீல் நேரத்துக்கு வந்துருச்சு. லேட் ஆனது கடல்தண்ணி ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) மூடி கசியாம இருக்கப் போடுற கேஸ்கெட். ஒரு தட்டு அகலம்தான். கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு. ரயீஸ் ரொம்ப நாள் பொறுத்தார். கடைசியில ஒரு பழைய ரப்பர் ஷீட்டை எடுத்து மூடி மேல விரிச்சார், உருண்டைத் தலைச் சுத்தியலால விளிம்பைச் சுத்தி டொக் டொக்னு தட்டினார். அரை மணி நேரத்துல அச்சு எடுத்த மாதிரி கேஸ்கெட் வந்துருச்சு, போல்ட் ஓட்டை உட்பட. "பெர்ரி கப்பல்லயும் இப்படித்தான். ரப்பரைத் தட்டி எடுத்துடுவேன். ரேடார் கார்டைத் தட்டி எடுக்க முடியாது" என்றார்.

நாலு மாசம் கழிச்சு சிங்கப்பூர்ல ஒரிஜினல் கேஸ்கெட் கைக்கு வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா இஞ்ச் சைஸ்.